நாய் இல்லாத பதிப்பு

புளியரையில், எஸ் வளைவுக்கு முன்னால்,
லாரி எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
கல், எம்சாண்ட், வைக்கோல், கோழி
எல்லாம் என்னைத் தாண்டித்தான் கேரளத்துக்குப் போகிறது.
ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே
நான்கு பக்கம் படிக்கலாம்.
கல் வண்டி வரிசைகட்டி வந்தால் அரைப் பக்கம்.
ஆகவே என் கருத்துகள்
துண்டு துண்டாக உண்டானவை. பொறுத்துக்கொள்ளவும்.

முதலில், நாலரை மணிக்கு எழச் சொன்ன புத்தகம்.
வென்றவர்கள் எல்லோரும் அந்நேரம் விழித்திருப்பார்களாம்.
நாலரைக்கு நான் பத்தொன்பதாவது வண்டிக்கு
ரசீது கிழித்துக்கொண்டிருப்பேன்.
கிளீனர் பையன்கள், பால்வேன்காரர்,
சாவடியில் கொட்டாவி விடும் ஏட்டு, நான்.
எங்களில் வென்றது யாரென்று
எழுதியவர் ஒருநாள் வந்து பார்த்துச் சொல்லலாம்.

தீபாவளிக்கு முதலாளி கொடுத்தது இன்னொன்று.
பணம் என்பது மனநிலை என்கிறது.
அந்த வருஷம் போனஸும் மனநிலையாகவே வந்தது.

பாரமான மனிதர்களை இறக்கி வை
என்ற புத்தகத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.
அது வேலை செய்கிறது, அதுதான் சிக்கல்.
பதினோரு நாள் என் நாத்தனார் செண்பகவடிவின்
போனை எடுக்கவில்லை.
தூக்கம் வந்தது. பசித்தது.
பன்னிரண்டாம் நாள் அவளே கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.
அதற்குப் பிறகு என்ன செய்வதென்று
பொருளடக்கத்தில் தேடினேன்.
அப்படி ஓர் அத்தியாயம் இல்லை.

செங்கோட்டை நூலகத்தில் எடுத்த அறுநூறு பக்க நாவல்:
இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் மனைவி சாகிறாள்,
மீதி முழுக்க அவர் யோசிக்கிறார்.
ஏன், அவள் உயிரோடிருந்தால் யோசனை வராதா?
எரிச்சலில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
ஆனால் சாகுமுன் அவள் அடுப்பில் வைத்த புளிக்குழம்பை
யாரும் இறக்கவில்லை.
அந்தக் கவலை இன்னும் எனக்கு இருக்கிறது.

புனலூர் சஜிமோன் மலையாளத்தில் படிப்பவர்.
எனக்கு அந்த எழுத்துத் தெரியாது.
பாஸ் வராமல் வண்டி நின்றுபோன ஆடிச் சாரலில்,
ஆரியங்காவுக் காற்று தகரத்தைப் பிடுங்கப் பார்த்த ராத்திரிகளில்,
ஒரு நாவலை அவருடைய தமிழில் எனக்குச் சொன்னார்.
படகுக்காரன், அவன் கடன், விட்டுப் போகும் மகள்,
கூடவே ஒரு நாய்.
ஒற்றைக் காது மடங்கிய நாய்.
கடன்காரன் வந்தால் குரைக்காது,
கட்டிலுக்கு அடியில் போய்விடும்.
மகள் பஸ் ஏறும்போது எல்லோரும் அழ,
அது டயரை முகர்ந்துகொண்டிருந்ததாம்.
அந்த இடத்தில் சஜிமோன் கொஞ்சம் நிறுத்தி
பீடி பற்றவைத்தார்.

ஆவணியில் அதன் தமிழ் மொழிபெயர்ப்பு தென்காசியில் கிடைத்தது.
இருநூற்றெண்பது ரூபாய்.
நடை சுத்தம். அச்சுப்பிழை இரண்டே இரண்டு.
நாய் இல்லை.
மொழிபெயர்த்தவர் விட்டுவிட்டாரோ என்று
இரண்டாம் முறை படித்தேன்.
கட்டில் இருந்தது, அதன் அடியில் ஒன்றும் இல்லை.
பஸ் வந்தது, மகள் ஏறினாள், பஸ் போய்விட்டது.
நல்ல நாவல் என்றுதான் சொல்ல வேண்டும்.
டயர் பக்கத்தில் மட்டும்
பென்சிலால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் வைத்திருந்தேன்.
ஐப்பசி மழையில் அவர் வண்டி மேடை ஏறியது.
ரசீதை நீட்டிக்கொண்டே
"அந்த நாய்க்குப் பேர் என்ன?" என்றேன்.

யோசிக்கவே இல்லை.
"கொச்சப்பன்" என்றார்.
"வயசாயி. இப்ப கண்ணு சரிக்குக் காணில்ல."

எங்கள் மேடை
இருபது கிலோவுக்குக் குறைந்ததைக் காட்டாது.
எழுந்து போய்
கேபினில் சீட்டுக்கு அடியில் ஒருதரம் குனிந்து பார்க்க நினைத்தேன்.
பின்னால் வைக்கோல் வண்டி ஹாரன் அடித்தது.