தொழில் என்ற கட்டம்

பிடாடரியில் தோண்டத் தொடங்கிய இரண்டாம் வாரம்
என் படிவத்தில் எண் 4417:
ஆல்கோட் ஃபோர்ஸ்லுண்ட், சுவீடன்.
இறப்பு 1931, மலேரியா.
தொழில் என்ற கட்டம் காலி.

கல்லில் 'தீப்பெட்டி முகவர்' என்றிருந்தது.
அவ்வளவு குளிரிலிருந்து கப்பலேறி வந்து
இந்த வெயிலில் நெருப்பு விற்றிருக்கிறார்.
சிரிப்பு வந்தது.

பிறகு அவர் தங்கை வழிப் பேத்தி
கடிதக் கட்டொன்றின் நகல் அனுப்பினாள்.
முப்பது கிலோமீட்டர், அறுபது கிலோமீட்டர்,
பத்தொன்பது வயதிலிருந்து
பனிச்சறுக்குப் பந்தயங்கள்.
பதினோரு முறை இரண்டாம் இடம்.
ஒரே ஒரு முறை எல்லாருக்கும் முன்னால் போனார்;
கடைசி ஏரியில் வலது பலகையின் வார் அறுந்தது.
ஒற்றைப் பலகையில் வந்து சேர்ந்தபோது
நடுவர்கள் காப்பி குடிக்கப் போயிருந்தார்கள்.

பனி என்று எழுதுகிறேன்.
நம் சொல் புல்நுனியில் நின்றுவிடுகிறது.
அவருடையது இடுப்பு வரை.
அதன்மேல் நீண்டு போகும் இரண்டு கோடுகள்,
அடுத்த பனி விழும்வரை அவர் பெயரில்.

1926இல் தங்கைக்கு எழுதியது:
'இன்று சிராங்கூன் சாலைக்குத் தார் ஊற்றினார்கள்.
தமிழ்க் கூலிகள், கொதிக்கும் பீப்பாய்.
ரிக்‌ஷாவை நிறுத்தச் சொன்னேன்.
நாம் பலகைக்குப் பூசிய பைன் தார் அல்ல இது,
தெரியும்.
கால்கள்தான் நம்பிவிட்டன.'

பீப்பாயைச் சுற்றி நின்றவர்களின் பெயர்
எந்தப் படிவத்திலும் இல்லை.
தொப்பியைக் கழற்றிவிட்டு
புகைக்குள் மூக்கை நீட்டிய வெள்ளைக்காரனைப் பார்த்து
மண்டோர் என்ன நினைத்தானோ.

எலும்புகளைத் துணியில் அடுக்கிய அன்று
ரஃபீக்குல் அரைத் தமிழில் சொன்னான்:
"தொட எலும்பு பாரு அண்ணே, கனம்.
ரொம்ப நடந்த ஆளு."
மணி பதினொன்று.
குடைக்கடியிலும் வியர்த்தது.

கணினியில் ஏற்றும்போது
முகவர் என்று அடித்தேன், அழித்தேன்.
பட்டியலில் கீழே கீழே போனேன்.
பனிச்சறுக்கு வீரர் இல்லை.
'மற்றவை' இருந்தது.

போன மாதம் வுட்லி நிலையத்துக்கு வெளியே
ராத்திரி தார் போட்டுக்கொண்டிருந்தார்கள்.
கடைசிப் பேருந்தை விட்டுவிட்டு நின்று பார்த்தேன்.
மூச்சை இழுத்தும் பார்த்தேன்.
எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.
செருப்புதான் ஒட்டிக்கொண்டது.
பிய்த்து எடுத்து, நடந்தேன்.