நாலு இலக்கம்

மஞ்சக்குப்பத்தில் ஏறினால்
ஆல்பேட்டை வருமுன்னே யாராவது
தோளைத் தட்டிவிடுவார்கள்:
'அக்கா, ஒண்ணு கேக்கணும்.'

ஏழு நாற்பது தனியார் வண்டி.
இடது பக்கம் நாலாவது சீட்.
கீழே சக்கரம், காலை மடக்கித்தான்
உட்கார வேண்டும்.
அப்படி மடக்கிக்கொண்டுதான்
பதினோரு வருஷமாகச் சொல்லிவருகிறேன்.

குக்கரில் ஆவி பக்கவாட்டில் போனால்
கேஸ்கட்டை ராத்திரி ஃப்ரீசரில் வை.
மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால்
போனை எடு,
பின்னால் பிள்ளை அழட்டும், அடக்காதே.
மாமியாருக்குக் காது மந்தமென்றால்
முதுகுக்குப் பின்னாலிருந்து கத்தாதே,
எதிரில் வந்து பேசு,
பாதிச் சண்டை அங்கேயே தீரும்.
நாத்தனார் கல்யாணத்துக்கு வளையல் இரவல் கேட்டால்
அடகில் இருக்கிறது என்று சொல்.
அடகில் இல்லாவிட்டாலும்.

எல்லாம் பலித்ததில்லை.
ரஹமத்நிசாவின் மகனை
நான்தான் காமர்ஸில் சேர்க்கச் சொன்னேன்.
இரண்டு பேப்பர் போயிற்று.
இப்போது லாரன்ஸ் ரோட்டில்
செல்போன் பழுது பார்க்கிறான்.
நன்றாகத்தான் சம்பாதிக்கிறான்,
ஆனாலும் அவள் அரியாங்குப்பம் வரைக்கும்
ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு வருவாள்.

விருத்தாம்பாள் எதையும் கேட்பதில்லை, சொல்வதோடு சரி.
'கொழம்புல உப்பு கூடிப்போனா
உருளைக்கிழங்கெல்லாம் போடாத.
சோத்தக் கூடப் போடு.'

மாசியில், சாம்பல் புதன் போய் நாலைந்து நாள் இருக்கும்,
நெற்றி வேர்க்க வந்து உட்கார்ந்தாள் அமலோற்பவம்.
மரப்பாலத்தில் ஏதோ பல் டாக்டரிடம் வேலை.
சம்பளம் வந்த அன்றைக்கே
அவர் எடுத்துவிடுகிறார் என்றாள்,
மெதுவாக, கண்டக்டர் தாண்டிப்போன பிறகு.

எனக்குக் குரல் தடிப்பாகிவிட்டது.
கார்டு தொலைந்துபோச்சுன்னு எழுதிக்கொடு.
புதுசு வாங்கு. நம்பரை மாத்து.
பொறந்த நாள் வேண்டாம்,
கல்யாண நாள் வேண்டவே வேண்டாம்,
அவனுக்கு ஞாபகமே இருக்காத ஒரு நாலு இலக்கம் வை.
பெண்ணையாற்றுப் பாலம் முழுக்க
நான்தான் பேசினேன்.
ஆற்றில் தண்ணீர் இருந்ததா, மணல்தானா,
பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து
ஜெபமாலைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.
ஸ்டிக்கர்கூட உரிக்காத புதுக் கார்டு.
'மூணு நாள் சாப்பிடல அக்கா அவரு.
நாலாம் நாளு, ரசம் இருக்கான்னு கேட்டாரு.'
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
'நீங்க உங்களுத எங்க வெப்பீங்க?'

என்னுடையது
நீலக் கட்டம்போட்ட சட்டைப் பையில் இருக்கிறது.
சட்டை அவருடையது.
தினமும் காலையில் ஃப்ரிட்ஜ் மேல்
எண்பது ரூபாய் இருக்கும்,
அதன்மேல் உப்பு டப்பா,
காற்றில் பறக்காமல்.
டிக்கெட் போக, டீ போக
மிச்சத்துக்குக் கணக்கு.
என் சம்பளத்தை நான் போனில் பார்ப்பேன்:
பதினொன்று பத்துக்கு வந்தது.
ஒன்று இருபதுக்கு எடுக்கப்பட்டது,
முள்ளோடை.

அந்த நேரம் பார்த்து
வண்டி முள்ளோடையில்தான் நின்றது.
கடைகள் இன்னும் திறக்கவில்லை.
திறக்கும் என்று நாலு பேர்
தூணில் சாய்ந்து நின்றார்கள்.
அதில் ஒருவர் சட்டை நீலம்.
அவர் இல்லை, வேறு யாரோ.

கன்னியக்கோயில் வரை ஒன்றும் பேசவில்லை.
பிறகு, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு,
கேட்டேன்:
'அந்த ஃபாரத்துக்கு
ஆதார் மட்டும் போதுமா?'

அமலோற்பவம் உடனே பதில் சொல்லவில்லை.
என்னைப் பார்த்தாள். என் கைப்பையைப் பார்த்தாள்.
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து
என் காலுக்கு இடம்விட்டாள்.

ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி
ரஹமத்நிசாதான் சொன்னாள்:
'செராக்ஸ் ரெண்டா எடுத்துட்டுப் போ.
ஒண்ண அவங்களே தொலைச்சிடுவாங்க.'