நாற்பத்தேழு

நகரியில் சாலை அகலமாகிறது.
சர்வேயர் தெலுங்கில் எண் சொல்வார்;
நான் பெயிண்ட் டப்பாவோடு பின்னால் போய்
சுவரில் சிவப்பாய் எழுதுவேன்.

நாற்பத்தாறு, பூட்டிய தறி ஷெட்.
நாற்பத்தேழு, தனகோட்டியின் டீக்கடை.
ராத்திரி ஷிப்ட் விட்டதும்
காதுக்குள் தறி இன்னும் ஓட
கத்திக் கத்திப் பேசுகிறவர்கள் கூடுமிடம்.

படிவம் கேட்டது: பாரம்பரியக் கட்டடமா?
நூறு வருஷம் வேண்டும்.
கடைக்குப் பதினொன்று.
வாசற்கல் மட்டும் ஏதோ சத்திரத்திலிருந்து
பெயர்ந்து வந்தது,
மேலிருந்த எழுத்து பாதி போய்விட்டது
உட்கார்ந்து உட்கார்ந்து.
கல்லுக்குத் தனிப் படிவம் இல்லை என்றார் சர்வேயர்.
எழுதினேன். ஏழின் வால் வழிந்தது.

மறுநாள் போனால்
தெரு முழுக்க நாற்பத்தேழு.
அம்மன் கோயில் மதிலில்,
மஸ்தான் வீட்டு மாட்டுத்தொட்டியில்,
டிரான்ஸ்ஃபார்மரில்,
கவுன்சிலர் கார்க் கண்ணாடியில்,
படுத்திருந்த வெள்ளாட்டின் விலாவில்கூட.
சிலது என் கையெழுத்தைவிட நன்றாயிருந்தது.

"ஏந்திரா இதி?"
சர்வேயர் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.
யாரும் சிரிக்கவில்லை.
முதல் வீட்டிலிருந்து மறுபடி
டேப்பை இழுக்கச் சொன்னார்.

சாலை வராமல் போகாது.
அடுத்த வாரம் நீல டப்பா தருவார்களாம்.
தனகோட்டி டீ நீட்டினார்,
என் நகக்கண்ணைப் பார்த்தபடி;
காசு வாங்கவில்லை.

டப்பாவை அன்றிரவு
அந்தக் கல்லின்மேல் மறந்து வைத்தது நான்தான் என்று
ஆபீசுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
'மறந்து' என்பதைத் தெலுங்கில் எப்படி எழுதுவதென்று
மூன்று பேரைக் கேட்டேன்.