இரண்டு கோடை

நெரேயோ பலகைமேல் மூன்று துண்டுகளைப் போட்டான்.
பக்கத்தில், உறை உரிந்து,
என் எண்பத்திரண்டாம் வருடத்து சைக்கிள் சீட்டு
வெறும் பிளாஸ்டிக் தாடையாய்க் கிடந்தது.

வழவழத்த கன்றுத் தோல்: மழையா, துடைத்துவிடலாம்.
ஆனால் கிராப்பா மலை ஏறும்போது
சீட்டின் மூக்குவரை சறுக்கிச் சறுக்கி
பின்னால் தள்ளி உட்கார்ந்தபடியே இருக்க வேண்டும்,
பேருந்தில் தூங்கி விழுகிறவள் மாதிரி.
செயற்கை இழை: அதற்கு எதுவுமே ஆகாது.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது ஸ்வேட். தேன் நிறம்.
விரலால் இப்படி நீவினால் இருட்டு,
அப்படி நீவினால் வெளிச்சம்.
உட்கார்ந்த இடத்திலேயே பிடித்து வைக்குமாம்.
புதுசில் கால்சட்டையில் சாயமும் ஒட்டுமாம்.

"எத்தனை நாள் இப்படி இருக்கும்?"
பொய் சொல்லத் தெரியாத வியாபாரி நெரேயோ.
"இரண்டு கோடை. அப்புறம் உன் எலும்பே
தேய்த்துத் தேய்த்து
இதையும் அந்தக் கன்றுத் தோலாக்கிவிடும், ஓர்சோலா.
விலை இருபது யூரோ கூடுதல்."

வெளியே பஸ்ஸானோவின் மணி பதினொன்று அடித்தது.
கணக்குப் போட்டேன்:
கோடைக்குப் பத்து யூரோ,
நழுவாமல் இருக்க.

தையல் நூல் என்ன நிறம் என்றான்.
அதை யோசித்துக்கொண்டு வரவில்லை நான்.