எச்ச உம்மை

பஹாவ் ஆலையின் எடைமேடையில்
மாலை ஆறு மணி என்றால் நெரிசல்.
குலை ஏற்றிய லோரிகள்
சாலைவரை நிற்கும்.
அங்கே, அவர்கள் கடிகாரத்தில், காலை பத்து.
ஊரில் எங்கும் அறுந்துபோகிற இணையம்
ஆலையில் மட்டும் அறுந்துபோகாது என்பதால்
கல்லூரியின் நேர்காணலுக்கு
எடைமேடைக் கூண்டிலேயே உட்கார்ந்தேன்,
உரக் கம்பெனிக் காலண்டரைத்
திருப்பி மாட்டிவிட்டு.

ரப்பர் இந்த மண்ணைத் தொட
முந்நூறு வருடம் இருக்கும்போதே
கல் அடுக்கிக் கட்டி முடித்த கல்லூரி.
அதில் ஒரே ஒரு சன்னல் மட்டும்
அந்த அம்மையாரின் தோளுக்கு மேலே தெரிந்தது.
"மிஸ் பாலகுரு" என்று அப்பாவைக் கூப்பிட்டார்.
அப்பா அந்நேரம் கொதிகலன் பக்கம்.
இருக்கிறேன் என்று தர்மினி சொன்னேன்.

வட்டங்களைத் தரையில் நெருக்கி அடுக்கினால்
எவ்வளவு இடம் வீணாகும்?
முதல் கேள்விக்கே சிரிப்பு வந்துவிட்டது.
செம்பனை ஊரில் கேட்கிற கேள்வியா இது?
ஒன்பது மீட்டர் முக்கோணம்,
மரத்துக்கு ஆறு அண்டைவீடு,
ஹெக்டருக்கு நூற்று நாற்பத்து மூன்று.
வீணாவது நூற்றுக்கு ஒன்பது சொச்சம்.
வரிசைக்கும் வரிசைக்கும் ஏழு புள்ளி எட்டு என்று
மண்டோர் கயிற்றில் முடிச்சுப் போடுவார்.
முடிச்சுக்குள்ளே மூன்றின் வர்க்கமூலம்
முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும்.
அவரிடம் சொன்னதில்லை.

ஹாரன்.
மன்னியுங்கள் என்று எழுந்து
பன்னீரின் லோரியை நிறுத்துச் சீட்டு அடித்தேன்.
என்ன அது, என்றார் அம்மையார்.
மொத்த எடை. வெறும் லோரியைக் கழித்தால் குலை.
வெறும் லோரியின் எடை எப்படித் தெரியும்?
கொட்டிவிட்டுத் திரும்பி வரும்.
அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

கணிதமும் தத்துவமும் சேர்த்து எதற்கு?
ஒத்திகை பார்த்த பதில் ஒன்று இருந்தது,
நல்ல ஆங்கிலத்தில். அது வரவில்லை.
வருடத்துக்கு ஒருமுறை முத்திரை குத்த
இரும்புக் கட்டிகளோடு அரசாங்க ஆள் வருவார்.
போன வருடம் பன்னீர் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு கேட்டது:
"மேடை எங்கள நிறுக்குது.
கட்டி மேடைய நிறுக்குது.
கட்டிய நிறுத்தது யாரு?"
எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.
அன்று இரவு தூக்கம் வரவில்லை.
அதைத்தான் சொன்னேன்.
இரண்டு விநாடி தாமதமாக வரும் அவர் முகம்
இரண்டு விநாடி கழித்தும் அசையவில்லை.
இணையம் அறுந்ததோ என்று பயந்துவிட்டேன்.

விண்ணப்பத்தில் இரண்டு பாடத்துக்கும் நடுவே
ஒரே ஒரு சின்னச் சொல்,
வாய்க்கால் மேல் போட்ட ஒற்றைப் பலகைபோல.
தமிழில் அது போதாது.
அதற்கொரு உம், இதற்கொரு உம்,
ஆளுக்கொன்று கையில் கொடுத்தாக வேண்டும்.
எஸ்.பி.எம். தமிழ்த் தாளுக்கு மனப்பாடம் செய்த பெயர்
எண்ணும்மை.
எண் அதற்குள்ளேயே இருக்கிறது என்று
தேர்வு மண்டபத்தில்தான் பார்த்தேன்;
பார்த்ததில் ஐந்து நிமிடம் போயிற்று.

ஜனவரியில் கடிதம்.
இணைப் பட்டத்தில் இடம் நிரம்பிவிட்டது,
கணிதம் மட்டும் தருகிறோம், சம்மதமா?
"ரெண்டு கேட்ட, ஒண்ணு குடுத்தாங்க,"
அப்பா கைகழுவியபடி சொன்னார்,
"கட்டணத்துல பாதியா கேக்குறாங்க?"
இல்லை. முழுசு.
உதவித்தொகைக்கு இன்னும் பதில் வரவில்லை.

மை மங்கி வீணான எடைச்சீட்டின் பின்பக்கம்
கணிதம் என்று எழுதினேன்.
தனியாக நின்றது.
ஒரு உம் சேர்த்தேன்.
கணிதமும்.
சொன்னது ஒன்று; சொல்லாதது பின்னால் வருகிறது
என்று காட்டும் உம்முக்கு
அதே தாளில் இன்னொரு பெயர் படித்திருக்கிறேன்.
சம்மதம் என்று பதில் தட்டினேன்,
அந்த உம் அவர்கள் மொழியில் ஏறாது என்று தெரிந்தே.

பன்னீரின் லோரி கொட்டிவிட்டு,
வெறுமையாய், லேசாய்க் குலுங்கி மேடை ஏறியது.
அதையும் நிறுத்தேன்.