ஐந்தின் கீழ் பன்னிரண்டு

ராயக்கோட்டை சாலையில்
அறுபது படுக்கை ஆஸ்பத்திரி.
மருந்துக் கடைக்கும் லிஃப்டுக்கும் நடுவே
ஒரு கண்ணாடி, கண்ணாடியில் ஒரு பொந்து,
பொந்துக்கு இந்தப் பக்கம் நான்.
உயிர் நிற்குமா போகுமா என்பதெல்லாம் மாடியில்.
இங்கே பணம் வருமா வராதா, அவ்வளவுதான்.

சனிக்கிழமை நாலரைக்கு வந்தது அந்த மெயில்.
திம்மராயன், வயது நாற்பத்தெட்டு,
கிரானைட் பட்டறையில் பாலிஷ் வேலை,
வலது கால் பெருவிரலை எடுத்தாகிவிட்டது.
'பாலிசிக்கு முந்தைய நோய். ஏற்பதற்கில்லை.'
கடைசியில் 'வருந்துகிறோம்' என்று ஒரு சொல்.
எல்லாக் கடிதத்திலும் அது இருக்கும்,
பஸ் டிக்கெட்டின் பின்னால்
விளம்பரம் இருப்பது போல.

வெங்கட்டம்மா பொந்து வழியே குனிந்தார்.
"ரெண்டு வருசமா கட்டுறோம், ஒரு தவணை தப்பல.
வெரல எடுத்தது பொய்யின்றாங்களா?"
அது பொய்யில்லைங்க.
சர்க்கரை எப்போதிருந்து என்பதில்தான் தகராறு.
"அஞ்சு மாசமா.
அன்னிக்கே சொன்னமே ராத்திரி டாக்டருகிட்ட."

சொன்னது சரி. அவர் எழுதியதும் சரி.
கேஸ் ஷீட்டைப் பிரித்துப் பார்த்தேன்:
5/12.

டாக்டர்களின் கைப்பழக்கம் அது.
கீழே ஏழு இருந்தால் நாள்,
ஐம்பத்திரண்டு இருந்தால் வாரம்,
பன்னிரண்டு என்றால் மாதம்.
எந்த ஊரிலோ எட்டாவது மாடியில்
ஒரு நாளைக்கு எண்பது கோப்பு படிக்கிறவர்
அதை இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, மே என்று படித்துவிட்டார்.
ஒரு சாய்ந்த கோடு.
அதில் சறுக்கி
அஞ்சு மாதச் சர்க்கரை
பாலிசிக்கு அண்ணன் ஆகிவிட்டது.

பக்கத்தில் ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும்.
பேனா கையில்தான் இருந்தது.
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர்
அப்படி ஒரு சொல்லைச் சேர்த்தார்.
இப்போது பர்கூரில் துணிக்கடையில் பில் போடுகிறார்.
பேனாவை மூடினேன்.

ராத்திரி டாக்டர் மேல்படிப்புக்குத் தஞ்சாவூர் போயிருந்தார்.
காவேரிப்பட்டணம் சுகாதார நிலையத்தில்
முதன்முதலில் ரத்தம் பார்த்த சீட்டு
ரேஷன் கார்டு உறைக்குள் நாலாக மடிந்து கிடந்தது.
தேதி தெரிகிறது, முத்திரை பாதி தெரிகிறது,
முந்நூற்றுப் பத்து நன்றாகவே தெரிகிறது.
நள்ளிரவு ஒன்றுக்கு வாட்ஸ்அப்பில் வந்தது
டாக்டர் கையெழுத்திட்ட விளக்கம்,
பூப்போட்ட ஹாஸ்டல் போர்வை மேல் வைத்து எடுத்த படம்.
படம் செல்லாது என்றார்கள்.
அசல் காகிதம் தபாலில் வர ஆறு நாள்.

அதற்குள் டிஸ்சார்ஜ்.
வெங்கட்டம்மாவின் தோடு பழையபேட்டைக்குப் போய்
ரூபாயாகத் திரும்பி வந்தது.
காதில் துடைப்பக் குச்சி செருகியிருந்தார்.
நான் ரசீது அடித்துக் கொடுத்தேன்.
வேறென்ன கொடுக்க முடியும்.

நாற்பத்தோராம் நாள் பணம் வந்தது,
கையுறை கழித்து, பஞ்சு கழித்து,
அட்மிஷன் போட்ட கட்டணம் கழித்து.
அடகுக்கடை வட்டி
எந்தப் பட்டியலிலும் இல்லை,
கழிப்பதற்குக்கூட.

இப்போதெல்லாம் காலை எட்டரைக்கே
கேஷுவாலிட்டியில் நிற்கிறேன்.
ஆதாரில் முனிரத்தினம், பாலிசியில் முனிரத்னா என்றால்
படுக்கை கிடைக்கும் முன்பே பிடித்துவிடுவேன்.
விழுந்தது எங்கே, எத்தனை மணிக்கு,
கூட இருந்தது யார் என்று
வலியில் இருப்பவரிடம் கேட்கும்போது
எனக்கே என்னைப் பிடிப்பதில்லை.
டாக்டர்களிடம் மட்டும் கெஞ்சுகிறேன்:
கோடு வேண்டாம் சார், எழுத்தில் எழுதுங்கள்.
"நீங்க என்ன மேடம், தமிழ் மிஸ்ஸா?" என்கிறார் புதியவர்.

ஆனாலும் எழுதினார் நேற்று,
ஒகேனக்கல் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்த பையனுக்கு,
கேலியாகவோ நிஜமாகவோ,
அழகான கையெழுத்தில்,
'வலி மூன்று நாளாக.'

இன்று மத்தியானம் கம்பெனியிலிருந்து கேள்வி:
குறிப்பு புரியாத மொழியில் உள்ளது.
மொழிபெயர்த்து, முத்திரையிட்டு,
மூன்று நாளுக்குள் அனுப்பவும்.