மூன்று மில்லிமீட்டர்

காலை ஐந்தே முக்கால். அம்பாங் பக்கத்து மாடிகளில்
இன்னும் விளக்கு அணையவில்லை.
நீண்ட மூங்கில் கழியால் பனியைத் தட்டிக்கொண்டு
முன்னால் போகிறான் ரஃபிகுல்.
ஈரம் நின்றால் பூஞ்சை வரும்,
ஐம்பது காசு அளவில் வட்டம் வட்டமாய்க் கருகும்.
பின்னால் நான், அறுக்கும் இயந்திரத்தோடு.

இங்கே ஒவ்வொரு புல்லுக்கும் ஓர் உயரம்
எழுதி ஒட்டியிருக்கிறது.
ரஃப்பில் மாட்டுப்புல், இரண்டு அங்குலம்,
யார் மிதித்தாலும் சரியென்று கிடக்கும்.
ஃபேர்வேயில் ஸோய்சியா. வெறுங்காலில் நடந்தால் குத்தும்.
குளத்தங்கரையில் பாஸ்பாலம்:
கடல் தண்ணீரையும் குடிக்கும் என்றான் விற்க வந்தவன்.
கோலாலம்பூரில் கடலுக்கு எங்கே போவது?
கிரீனில் மட்டும் குட்டை பெர்முடா.
மூன்று மில்லிமீட்டர்.
உளுந்தைவிடக் குட்டை.

அதற்கு விதை கிடையாது. பூத்தாலும் வெறும் பூ.
எங்கோ ஒரு தோட்டத்தில் முளைத்த ஒற்றைத் தாயை
வெட்டி வெட்டிப் பதியம் போட்டே
உலகம் சுற்றி வந்திருக்கிறது.
"பெர்மிட் கேட்காத வெளிநாட்டுக்காரன்" என்பான் ரஃபிகுல்,
தன் பெர்மிட் முடிய எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டே.

போன மாதம் ஒன்பதாவதில், கொடிக்கு இடப்பக்கம்,
ஒரு திட்டு.
நிறம் ஒரு துளி மாறி, கணு நீண்டு,
இலை கொஞ்சம் முரடாய்.
முட்டி போட்டுப் பார்த்தேன்.
பெர்முடாவுக்குள்ளிருந்து
அருகு.

வெள்ளிக்கிழமை செந்தூல் பூக்கடையில்
ஒரு ரிங்கிட் ஐம்பது கொடுத்து வாங்கி
என் வீட்டுக்காரர் டாக்சிப் பிள்ளையாருக்குச் சாத்துவாரே,
அதே அருகு.

ஸுல்ஹைரி வந்து பந்தை உருட்டினார்.
நேராய்ப் போன பந்து, திட்டுக்கு மேல் ஏறியதும்
கடன்காரனைக் கண்டவன் மாதிரி
சட்டென்று வலப்பக்கம் திரும்பியது.
"புவாங்" என்றார். ஞாயிற்றுக்கிழமை போட்டி.

மருந்தடிக்க முடியாது.
அதைக் கொல்வது இதையும் கொல்லும், இரண்டும் ஒரே ரத்தம்.
குழி வெட்டும் கருவியை வைத்து, ஏறி நின்று, திருகி,
மண்ணோடு உருவினேன். பதினோரு உருளை.
நர்சரியிலிருந்து பதினோரு உருளை கொண்டுவந்து
அந்தக் குழிகளில் இறக்கி
காலால் அமுக்கினால்
தைத்த இடம் தெரியாது.

வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கையில் தோன்றியது,
வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன?
மூன்று வருடம் மருந்து குடித்த புல்.
பிள்ளையாருக்கே வயிறு கலங்கும்.
ஷெட்டுக்குப் பின்னால், பெரிய சாக்கடைப் பக்கம் கொட்டினேன்.
கரையில் படுத்திருந்த உடும்பு
தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது.

போட்டியில் யாரோ ஜெயித்தார்கள். மழை பிடித்துக்கொண்டது,
இடிச் சங்கு ஊதி எல்லோரையும் உள்ளே அழைத்தோம்.

சாக்கடையோரம் இப்போது கணுக்கால் உயரம்.
கேட்பாரில்லாமல்
நாலு விரல் விரித்துப் பூத்திருக்கிறது.

இன்று காலை ஒன்பதாவதில்,
வெட்டிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி,
மறுபடியும் நிறம் ஒரு துளி வேறு.
செவ்வாய்க்கிழமைதானே, சொல்லலாம்.
இயந்திரத்தை அதன்மேலும் ஓட்டிவிட்டுப்
பத்தாவதுக்குப் போனேன்.